தானூர் விட்டுச்சென்ற கேள்வி: படகில் எத்தனை பேர்?

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் தானூரை அடுத்த தூவல் தீரம் கடற்கரையில் அன்று மாலை குடும்பம் குடும்பமாகக் கூட்டம். மக்ரிப் நேரம் கழிந்து இருட்டிய பிறகும் அங்கே உல்லாசப் படகு ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஏழரை மணியளவில் 'அட்லாண்டிக்' என்ற அந்த இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பரப்பனங்காடியைச் சேர்ந்த ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர்.

அந்தக் குடும்பத்தின் கப்றுகளை வரிசையாகத் தோண்டிய படங்களை அன்று நம்மில் பலர் வாட்ஸ்அப்பில் பார்த்தோம், துஆ செய்தோம், அடுத்தவருக்கு அனுப்பினோம். பிறகு மறந்துவிட்டோம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அரை நாள் பயணம்கூட இல்லாத ஊர் அது. அங்கே நடந்ததை நம் வீட்டு விஷயமாகப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. அன்று அந்தப் படகில் ஏறியவர்கள் செய்தது எதுவும் நாம் செய்யாதது அல்ல.

பெருநாளுக்கு மறுநாள் உக்கடம், கரும்புக்கடை, கோட்டைமேடு, குனியமுத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். தெருவுக்கு நாலு வேன் நிற்கும். ஒரு வேனில் அத்தா, அம்மா, நன்னிமா, மாமா குடும்பம், சின்னம்மா குடும்பம், அவர்களின் பிள்ளைகள். பிரியாணி டேக்சாவும் கூடவே ஏறும். ஊட்டி, பைக்காரா, ஏற்காடு, ஆழியாறு, மலம்புழா, கொஞ்சம் வசதி இருந்தால் ஆலப்புழா. எங்கே போனாலும் கடைசியில் ஒரு படகுத்துறையில்தான் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள். தூரம் போக முடியாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே வாலாங்குளம் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் குளக்கரைகள் அழகாக்கப்பட்ட பிறகு, அஸருக்குப் பின் குடும்பத்தோடு அங்கே போய் உட்காருவது நம் மக்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. மகிழ்ச்சியான வழக்கம்தான். அதைக் கெடுக்க நாம் எழுதவில்லை.

தானூரில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஒவ்வொரு விவரமும் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது.

அந்தப் படகு உல்லாசப் பயணத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றி, மேலே ஒரு தட்டு கட்டி, சுற்றுலாப் படகாக்கியிருந்தார்கள். மீன்பிடிப் படகில் எடை அடியில் இருக்கும். மீனும் ஐஸும் வலையும் கீழேதான் கிடக்கும். அதே உடம்பின் மேல் ஒரு மாடியைக் கட்டி, மாடியில் மனிதர்களை ஏற்றினால் எடை மேலே போய்விடுகிறது. தலையில் குடம் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது போன்ற நிலை. ஒரு பக்கம் பத்துப் பேர் நகர்ந்தால் போதும். காவல்துறை சொன்ன கணக்குப்படி 22 பேருக்கான இடத்தில் 37 பேர் இருந்தார்கள். கவிழ்ந்ததும் கீழ்த் தட்டில் இருந்தவர்கள் உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். இருட்டில் முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்தில் இருந்த மீனவர்களும் ஊர் மக்களும்தான்.

இன்னொரு விவரம் நம்மை அதிகம் உறுத்துகிறது. படகில் மொத்தம் எத்தனை பேர் ஏறினார்கள் என்று அன்றிரவு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பயணிகள் பட்டியல் இல்லை. இன்னும் யாராவது தண்ணீருக்குள் இருக்கிறார்களா இல்லையா என்பது தெரியாமலேயே தேடல் நீண்டது.

படகு உரிமையாளர் மீது கொலை வழக்குப் பதிவானது. உரிமம் வழங்கும் துறையின் அதிகாரிகளும் பின்னர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி வி.கே. மோகனன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கேரளாவுக்கு இது முதல்முறை அல்ல. 2002 ஜூலையில் குமரகத்தில் 29 பேர். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் சுற்றுலா வந்த பள்ளி மாணவர்கள் 15 பேரும் ஆசிரியர்கள் மூவரும். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 45 பேர். ஒவ்வொரு முறையும் விசாரணை நடந்தது, பரிந்துரைகள் வந்தன. பரிந்துரை எழுதிய காகிதம் படகுத்துறை வரை வந்து சேர்வதற்குள் அடுத்த படகு கவிழ்ந்துவிடுகிறது.

தேக்கடி பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலர் "அரசாங்கப் படகுதானே, பயமில்லை" என்று நினைக்கிறார்கள். தேக்கடியில் கவிழ்ந்த 'ஜலகன்யகா' கேரள அரசின் சுற்றுலாக் கழகத்தின் படகு. பழைய ஓட்டைப் படகும் அல்ல, புதிது. கரையில் விலங்குகளைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததில் படகு சாய்ந்தது. இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. யாருடைய படகு என்பதைத் தண்ணீர் பார்ப்பதில்லை. எடை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது பார்க்கிறது.

"அதெல்லாம் கேரளாவில், கடலும் காயலும் இருக்கிற ஊரில்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2011 டிசம்பர் 25 அன்று நம் மாநிலத்தின் பழவேற்காடு ஏரியில் விடுமுறையைக் கழிக்கப் போன உறவுக் கூட்டம் ஒன்று படகு கவிழ்ந்து 22 பேரைப் பறிகொடுத்தது. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் நடந்தது இன்னும் நெருக்கமானது. ஹர்ணி ஏரி, நம் வாலாங்குளம் போலவே மாநகராட்சிக்குச் சொந்தமான, நகரத்துக்குள் இருக்கும், கரை அழகாக்கப்பட்ட ஏரி. படகு விடும் வேலை தனியாரிடம் ஒப்பந்தத்தில் இருந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகளை, 14 பேருக்கான படகில் ஏறத்தாழ இருமடங்கு ஏற்றினார்கள். மிதவை ஜாக்கெட் சில பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது. 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் திரும்பி வரவில்லை. ஆழ்கடலும் இல்லை, புயலும் இல்லை. கரையில் ஐஸ்கிரீம் விற்கும் ஏரி.

மடிப்பிள்ளைக் கணக்கு

இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது எண்ணிக்கை. ஆனால் அதிகப்படியான ஆட்களைப் படகுக்காரர் மட்டும் ஏற்றுவதில்லை, நாமும் ஏறுகிறோம். ஏன் ஏறுகிறோம் என்று யோசித்தால் பதில் பேருந்தில் கிடைக்கும். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாத பிள்ளை ஆள் கணக்கில் வராது என்று மனதில் பதிந்துவிட்டது. அதே கணக்கைப் படகுக்கும் கொண்டுபோகிறோம்.

நாங்களும் இதைச் செய்தவர்கள்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அணைக்கட்டில், எட்டுப் பேர் என்று பலகையில் எழுதியிருந்த படகில் உறவினர்கள் எல்லாருமாக ஏறினோம். பெரியவர்கள் எட்டு, சரியாகத்தான் இருந்தது. மடியிலும் இடுப்பிலும் ஐந்து பிள்ளைகள். "குழந்தைகதானுங்க, மடியில வெச்சுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் படகுக்காரர். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. தனிப் படகு எடுத்தால் இன்னும் நானூறு ரூபாய் என்ற கணக்கும் உள்ளே ஓடியதை மறைக்க வேண்டியதில்லை. நடுத்தண்ணீரில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டி நீரைத் தொட்டார். குனியவே தேவைப்படவில்லை. விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் கூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கரை வரும்வரை படகில் யாரும் பேசவில்லை.

ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால் எண்பது, தொண்ணூறு கிலோ எளிதாக வரும். ஒரு பெரியவரின் எடைக்கும் மேல். அதைவிட மோசம், அந்த எடை உட்காருவதில்லை. துள்ளும், எழுந்து நிற்கும், அம்மா மடியிலிருந்து அத்தா மடிக்குத் தாவும். பெரியவரின் இரண்டு கைகளையும் கட்டிப்போட்டுவிடும். படகு கவிழ்ந்தால் மடியில் பிள்ளை வைத்திருப்பவர் நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் நீந்த முடியாது. ஆகவே கணக்கு ஒன்றுதான்: மூச்சு விடும் ஒவ்வொருவரும் ஓர் ஆள். கைக்குழந்தையும் ஓர் ஆள். அதற்கும் தனி ஜாக்கெட். கைக்குழந்தை அளவுக்கு ஜாக்கெட் இல்லை என்று சொன்னால், அந்தக் குழந்தையும் அதன் தாயும் கரையில் இருக்கட்டும். அவர்களுக்குத் துணையாக வேறொருவரும் இருக்கட்டும். பெருநாள் அதனால் குறைந்துபோகாது.

கேரள உயர் நீதிமன்றம் தானூருக்குப் பிறகு பிறப்பித்த உத்தரவுகளில் ஒன்று, எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் உள்ளும் புறமும் மலையாளத்தில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்பது. நல்ல உத்தரவு. ஆனால் ஆலப்புழாவுக்கும் மலம்புழாவுக்கும் போகும் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேருக்கு மலையாளம் படிக்க வரும்? எண் எண்ணாகத்தான் எழுதியிருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். கேரளாவின் உள்நாட்டுப் படகுகளில் 'கே.ஐ.வி.' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் பதிவு எண் எழுதியிருக்கும். வண்டிக்கு நம்பர் பிளேட் போல. அது இல்லாத படகு, நம்பர் இல்லாத காரில் முன்பின் தெரியாத ஓட்டுநருடன் மலைப்பாதையில் போவதற்குச் சமம். உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 இந்தியா முழுவதற்கும் பொருந்துகிறது. அதன்படி இயந்திரப் படகுக்குப் பதிவும், தகுதிச் சான்றும், காப்பீடும் வேண்டும். பயணச்சீட்டு கேட்டு வாங்குவது இதனால்தான் முக்கியம். சீட்டு தராத படகில் ஏறினால், நீங்கள் ஏறியதற்கே அத்தாட்சி இல்லை.

சுரைக்குடுக்கையை மறந்த தலைமுறை

கொங்கு நாட்டுக்கு நீச்சல் புதிதல்ல. கிணற்றுப் பாசனத்தில் வாழ்ந்த மண் இது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே பிள்ளைகள் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். பிற்பாடு குடுக்கையின் இடத்துக்குப் பிளாஸ்டிக் கேன் வந்தது. இன்றைய மிதவை ஜாக்கெட்டின் பாட்டி அந்தக் குடுக்கைதான். நீச்சல் தெரிந்த பெரியவர்களே பழகும் பிள்ளைக்கு மிதவை கட்டாமல் தண்ணீரில் இறக்கியதில்லை.

இன்று அந்தக் கிணறுகளில் தண்ணீர் இல்லை, பலவற்றை மூடியே விட்டார்கள். ஊருக்குள் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் வாளித் தண்ணீர். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் பரிதாபம். பையன்களாவது யாரோடாவது போய்ப் பழகிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று உங்கள் குடும்பத்திலேயே எண்ணிப் பாருங்கள். நீந்தத் தெரியாத தலைமுறை, மிதவையும் கட்டாமல் படகில் ஏறுகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் சொல்கின்றன. படகு விபத்து அதில் சிறு பங்குதான். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு குடும்பத்தையே கொண்டுபோவது படகுதான்.

ஜாக்கெட் விஷயத்தில் நம் பெண்களிடம் ஒரு தயக்கம் இருப்பதை மறைக்காமல் பேச வேண்டும். புர்காவின் மேல் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போடுவது கூச்சம். அது பலர் போட்டு வியர்வை நாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, படகுத்துறைப் பையன் வந்து பக்கிளை மாட்டிவிடுவதை யாரும் விரும்புவதில்லை. அதனால் ஜாக்கெட் கைக்கு வருகிறது, மடியில் கிடக்கிறது, போட்டோ எடுத்ததும் இருக்கைக்கு அடியில் போய்விடுகிறது. மடியில் கிடக்கும் ஜாக்கெட்டைத் தண்ணீரில் விழுந்த பிறகு மாட்ட முடியாது, நீந்தத் தெரிந்தவர்களுக்கே அது கடினம்.

இதற்கு வழி இருக்கிறது. ஜாக்கெட் எப்போதும் எல்லா உடைக்கும் மேலே, வெளியே இருக்க வேண்டும். புர்காவை ஜாக்கெட்டின் மேல் போட்டு மறைக்கக் கூடாது. பக்கிள்களைக் கணவரோ தம்பியோ மகளோ மாட்டிவிடலாம். வீட்டில் ஒருமுறை பழகினால் பெண்கள் தாங்களே மாட்டிக்கொள்ளலாம், பைக் ஹெல்மெட் பட்டையை மாட்டுவதைவிடச் சிரமமில்லை. நனைந்த துணி மூக்கோடும் வாயோடும் ஒட்டி மூச்சை அடைக்கும் என்பதால், நிகாப் அணியும் சகோதரிகள் இதைத் தங்கள் குடும்பத்தாரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பெண்கள் மட்டும் தனிப் படகில் போவது பல இடங்களில் கேட்டால் கிடைக்கும். நீண்ட அங்கியின் கீழ்ப்பகுதி காலில் சுற்றாதபடி உட்காருவதும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வதும் சின்ன விஷயங்களாகத் தெரியும். தவறி விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான்.

பிள்ளைகளின் ஜாக்கெட்டுக்கு ஒரு சோதனை உண்டு. மாட்டி, பட்டைகளை இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறி, பிள்ளை உள்ளே நழுவினால் அது பெரியவர் ஜாக்கெட். தண்ணீரிலும் அதுதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே போகும். கால்களுக்கு நடுவே வரும் பட்டை உள்ளதுதான் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. அடிக்கடி சுற்றுலா போகும் குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். பெருநாள் உடுப்புக்குச் செலவழிப்பதை நினைத்தால் அது பெரிய தொகை அல்ல.

பரிசல் வேறு, படகு வேறு

நம் பக்கத்தில் இன்னொரு வகை உண்டு, பரிசல். ஒகேனக்கல்லிலும், கொடிவேரியிலும், பில்லூர் அணையின் பின்புறம் பரளிக்காட்டிலும் பரிசல் பயணம்தான் ஈர்ப்பு. பரளிக்காட்டில் வனத்துறை முன்பதிவு செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளூர்ப் பழங்குடி மக்களைக் கொண்டே நடத்துகிறது. ஜாக்கெட் போட்ட பிறகுதான் ஏற்றுகிறார்கள். முன்பதிவு, எண்ணிக்கை, ஜாக்கெட் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் சுற்றுலா எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்பதைப் பார்க்க அங்கே ஒருமுறை போய்வரலாம்.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. வட்டமாக இருப்பதால் சுழலும். தட்டையான அடிப்பகுதியால் ஆழமில்லாத பாறை இடுக்கிலும் போகும், ஆனால் ஒருவர் எழுந்து நின்றாலே சாயும். இதில் விளையாட்டுக்காக வேகமாகச் சுற்றிக்காட்டச் சொல்லி பரிசல்காரரை உசுப்பிவிடுவது நம் இளைஞர்களின் பழக்கம். ஒகேனக்கல்லில் ஆபத்து நம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வருகிறது. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்துவிடும் தண்ணீர் பிலிகுண்டுலு வழியாக இங்கே வருகிறது. ஒகேனக்கல்லில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், வயநாட்டில் பெய்த மழை ஆற்றில் ஏறிக்கொண்டிருக்கும். நீர்வரத்து கூடினால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். அந்தச் செய்தி அன்றன்று செய்தித்தாளிலும் டிவியிலும் வரும். வேன் பேசும் முன் அதைப் பாருங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், கொஞ்சம் பார்த்து விடுங்க" என்று ஐந்நூறு ரூபாயை நீட்டுவது நம்மவர்களிடமும் உண்டு. தடையை மீறி ஓட்டுபவரைக் குறை சொல்கிறோம். அவரை மீறச் சொல்வது பல நேரம் நாம்தான்.

ஊட்டி, ஏற்காடு ஏரிகளின் மிதிபடகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடு ஏரியில் எழுந்து இடம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மிதித்துக் கால் வலித்தால் கரைக்கு வந்து ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் பேசுவதையே அபசகுனம் போல நினைக்கிறோம். படகில் ஏறும்போது ஓதும் துஆவை மதரஸாவில் பிள்ளைகளுக்கு அழகாகச் சொல்லித்தருகிறோம். அதோடு இரண்டு வரி சேர்த்துச் சொல்லித்தந்தால் என்ன? கவிழ்ந்த படகு பெரும்பாலும் உடனே மூழ்காது, அதைப் பிடித்துக்கொண்டே இரு, கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தப் போகாதே. மூடிய அறை போன்ற கீழ்த்தட்டில் உட்காராதே, உட்கார்ந்தால் வெளியே போகும் வழியை முதலில் பார்த்துவை.

மூழ்குபவர் சினிமாவில் போல் கையை ஆட்டிக் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலும் கீழும் போய்வரும்போது கத்த மூச்சு இருக்காது. சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். அதைப் பார்த்ததும் குதிப்பவர் அத்தாவோ மாமாவோ அண்ணனோ. நீந்தத் தெரியாதவர் குதித்தால் ஒரு மய்யித்து இரண்டாகிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைக்கு இழுத்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கயிறோ, துப்பட்டாவோ, காலித் தண்ணீர் கேனோ, வீசக் கிடைப்பதை வீசுவதே சரி.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது, தோளில் போட்டுச் சுற்றுவது என்று நம் ஊர்களில் நடப்பதெல்லாம் கிடைக்கும் சில நிமிடங்களை வீணாக்குகின்றன. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கலாம்.

ஜமாஅத்துகளிடம் ஒரு வார்த்தை

தட்டேக்காட்டிலும் வதோதராவிலும் பிள்ளைகளை அழைத்துப்போனவர்கள் பெற்றோர் அல்ல, பள்ளிக்கூடம். நம் மஹல்லாக்களில் மக்தப் மதரஸாக்களும், நர்சரிப் பள்ளிகளும், பெண்கள் அரபிக் கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா அழைத்துப்போகின்றன. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு உஸ்தாத், அல்லது மூன்று ஆலிமா. அவர்கள் பொறுப்பானவர்கள்தான், ஆனால் படகுத்துறையில் அவர்களும் நம்மைப் போலத்தான். வதோதராவில் இறந்த ஆசிரியைகளும் அந்தப் பிள்ளைகளோடு அதே படகில் ஏறியவர்கள்.

சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குகிறோம். "ஏதாவது நடந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை எழுதிய நிர்வாகம் இன்னொரு வரியும் எழுதட்டும்: படகுப் பயணம் உண்டா இல்லையா. உண்டென்றால், போகும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து பிள்ளைகள் அளவு ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்று கேட்டு, அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரே நேரத்தில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்து, யார் எந்தப் படகில் என்ற பட்டியலைக் கரையில் நிற்கும் ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். மக்ரிப் பாங்குக்குப் பின் படகு கிடையாது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். தானூர் இருட்டில் நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

இப்படிப் பேசும்போது யாராவது ஒரு பெரியவர், "தக்தீரில் இருப்பதை யார் தடுக்க முடியும்?" என்று கேட்பார். அஜல் வந்தது என்று சொல்வது மய்யித் வீட்டில், பிள்ளையை இழந்த தாய்க்கு ஆறுதல். பதினான்கு பேர் படகில் இருபத்தெட்டாவது ஆளாக ஏறிக்கொண்டு அதைச் சொன்னால் அது ஈமான் அல்ல, சோம்பல். ஊட்டி மலைப்பாதையில் பிரேக் சரியில்லாத வேனில் அதே பெரியவர் பேரனை ஏற்ற மாட்டார்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-லேயே படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. அதை ஒவ்வொரு குளத்திலும் அணையிலும் நடைமுறைக்குக் கொண்டுவருவது மாவட்ட நிர்வாகம், மாநகராட்சி, சுற்றுலா, பொதுப்பணி, மீன்வளம், வனம் என்று பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. பல கை என்றால் ஒரு கையும் இல்லை என்பதைத் தானூரும் வதோதராவும் காட்டின. எனவே கேட்பதைச் சிறிதாக, தெளிவாகக் கேட்கலாம். ஒவ்வொரு படகுத்துறையிலும் ஆள் எண்ணிக்கை, படகு நிற்கும் நேரம், புகார் எண் மூன்றும் தமிழில் பெரிய எழுத்தில் பலகையாக வேண்டும். பிள்ளைகள் அளவு ஜாக்கெட் கட்டாயம் வேண்டும். கைக்குழந்தையும் எண்ணிக்கையில் சேரும் என்று அந்தப் பலகையிலேயே எழுத வேண்டும். நீச்சல் தெரிந்த மீட்பாளர் கரையில் இருக்க வேண்டும்.

இதைக் கேட்கக் கூட்டமோ ஆர்ப்பாட்டமோ தேவையில்லை. கோவை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வாலாங்குளத்துக்கும் பெரியகுளத்துக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நாம். அடுத்த பெருநாள் கூட்டம் குளக்கரைக்கு வருவதற்கு முன், ஏதாவது ஒரு ஜமாஅத்தின் லெட்டர்பேடில் ஒரு பக்க மனு அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். எழுத முன்வரும் நிர்வாகிகள் எங்களுக்குத் தெரிவித்தால், மனுவின் வாசகத்தைத் தயாரித்துத் தர நாங்கள் காத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.